வந்தவர்களை ஊர் எப்படிப் பார்க்கிறது? – வாசகர் கேள்வி பதில்

அகதிகளையும் பிழைப்புத் தேடி வந்தவர்களையும் அந்தந்த ஊர் மக்கள் எந்தக் கண்ணோடு பார்க்கிறார்கள், அந்தப் பார்வை ஏன் மாறுகிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் சேர்த்துப் பதில் தருகிறோம்.

‘குடியேறிகளைப் பெரும்பாலோர் எதிர்க்கிறார்கள்’ என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கப் போனவர், வேலைக்குப் போனவர், உயிருக்குப் பயந்து ஓடியவர் எல்லோரையும் ஒன்றாகப் போட்டா கேட்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, திருச்சி

பெரும்பாலும் ஒன்றாகப் போட்டுத்தான் கேட்கிறார்கள். ‘வெளிநாட்டிலிருந்து வருவோர் எண்ணிக்கை கூடலாமா, குறையணுமா?’ என்று ஒரே கேள்வி. அதைக் கேட்டதும் யாருடைய முகம் மனதில் வருகிறதோ, அவருக்குத்தான் பதில் போகிறது. 2011இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் குடியேற்ற ஆய்வு மையம் பிரிட்டன் மக்களிடம் ‘குடியேறிகள் என்றதும் யாரை நினைத்தீர்கள்?’ என்றே கேட்டுப் பார்த்தது. 62 சதவீதம் பேர் புகலிடம் கோரி வந்தவர்களை நினைத்திருந்தார்கள். மாணவர்களை நினைத்தவர்கள் 29 சதவீதம். உண்மையில் அப்போது பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் மாணவர்கள்தான் பெரும்பங்கு. புகலிடம் கோரியவர்கள் மிகச் சிறு பங்கு. ஆக, கணிப்பில் வந்த எதிர்ப்பு ஒரு கூட்டத்தின் மேல். அதை வைத்து அரசு விசாவைக் குறைப்பதோ இன்னொரு கூட்டத்துக்கு.

சட்டப்படி பிரிவு தெளிவானது. இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து இவற்றில் ஒன்றுக்காகத் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தில் நாட்டை விட்டு வந்தவரை அகதி என்கிறது 1951ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை. விண்ணப்பம் முடிவாகும்வரை அவர் புகலிடம் கோருபவர். இந்தியா அந்த உடன்படிக்கையிலும் அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடவில்லை.

நாங்கள் வந்த காலத்தில் கனடா கையை விரித்து வரவேற்றது. இப்போது பேப்பரைத் திறந்தால் ‘போதும் போதும்’ என்கிறார்கள். மக்கள் மனம் இவ்வளவு சீக்கிரம் மாறுமா?
– வாசகர், ஸ்கார்பரோ

மாறியிருக்கிறது, அதுவும் இரண்டே ஆண்டில். என்விரோனிக்ஸ் என்ற கனடியக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1977இலிருந்து ஒரே வாசகத்தைச் சொல்லி, ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டு வருகிறது: ‘மொத்தத்தில் கனடாவில் குடியேற்றம் அளவுக்கு மிஞ்சியிருக்கிறது.’ ஆம் என்றவர்கள் 2022இல் 27 சதவீதம். 2023இல் 44. 2024இல் 58. காரணம் சொன்னவர்களில் பலர் முதலில் சொன்னது வீட்டு வாடகையும் வீடு கிடைக்காத நிலையும்தான். அந்த ஆண்டுகளில் மாணவர்களும் தற்காலிகப் பணியாளர்களுமாக இருபது லட்சத்தைத் தாண்டியவர்கள் இருந்தார்கள்; 2023இல் மட்டும் மக்கள்தொகை 3 சதவீதத்துக்கு மேல் கூடியது. அந்த வேகத்துக்கு வீடு கட்டப்படவில்லை. 2024 அக்டோபரில் அரசே 2025க்கான நிரந்தரக் குடியேற்ற இலக்கை 5 லட்சத்திலிருந்து 3 லட்சத்து 95 ஆயிரமாகக் குறைத்தது. ‘எண்ணிக்கை அதிகம்’ என்று சொன்னவர் எல்லாரும் ‘இந்த மனிதர்கள் வேண்டாம்’ என்று சொன்னதாகக் கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு கேள்விகள், வேறாகவே அளக்க வேண்டும்.

கை விரித்து வரவேற்றது என்பதிலும் ஒரு திருத்தம் உண்டு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழர்களை உள்ளூர் மீனவர்கள் மீட்டார்கள். முதலில் ஊரே உருகியது. அவர்கள் சொன்னதுபோல் இந்தியாவிலிருந்து வரவில்லை, மேற்கு ஜெர்மனியிலிருந்து ஏற்றி வரப்பட்டவர்கள் என்று சில நாளில் தெரிந்ததும் பேச்சு கடுமையானது. அப்போதைய பிரதமர் பிரையன் மல்ரோனி, படகில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று உறுதியாக நின்றார். 2010 ஆகஸ்டில் ‘சன் சீ’ கப்பலில் 492 தமிழர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தபோது, அவர்கள் கோரிக்கை நியாயமானது என்று நிரூபணமானாலும் திருப்பி அனுப்புவோம் என்று ஆங்கஸ் ரீட் கணிப்பில் 48 சதவீதம் பேர் சொன்னார்கள். இடையில் மாறியது, மேலிருந்து வந்த பேச்சு. 2010இல் அரசு ‘ஆள்கடத்தல்’, ‘பயங்கரவாதம்’ என்ற சொற்களோடுதான் அந்தக் கப்பலை நாட்டுக்கு அறிமுகம் செய்தது. மக்கள் கருத்து பாதி அங்கேயே உருவாகிவிடுகிறது என்பது எங்கள் கணிப்பு.

அதிகம் பேர் வந்த ஊரில்தான் எதிர்ப்பும் அதிகமாக இருக்குமா?
– ஆசிரியர், மதுரை

பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது.

முதலில், எத்தனை பேர் வந்தார்கள் என்பதே பலருக்குத் தெரியாது. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் 20 ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் அல்பெர்டோ அலெசினா, ஸ்டெஃபனி ஸ்டான்செவா உள்ளிட்ட பொருளியலாளர்கள் ‘உங்கள் நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் குடியேறிகள்?’ என்று கேட்டார்கள். அமெரிக்காவில் சட்டப்படிக் குடியேறியவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். மக்கள் சொன்ன சராசரி 36. இத்தாலியில் பத்து, சொன்னது 26. ஆறு நாட்டிலும் இதே கதை. வந்தவர்கள் இருப்பதைவிட ஏழைகள், படிக்காதவர்கள், அரசு உதவியில் வாழ்பவர்கள் என்றும் நினைத்தார்கள்.

இரண்டாவது, மொத்த எண்ணிக்கையைவிட மாறும் வேகம் உறுத்துகிறது. 2016 ஜூனில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகலாமா என்று வாக்கெடுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் வாழும் லண்டன் 60 சதவீதம் ‘இருப்போம்’ என்றது. லிங்கன்ஷயரில் உள்ள பாஸ்டன் என்ற சிறு ஊர் 75.6 சதவீதத்தோடு விலகல் வாக்கில் நாட்டிலேயே முதலிடம். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு விளையும் அந்த ஊரில் முன்பு வெளிநாட்டவர் மிகச் சிலராகத்தான் இருந்தார்கள். 2004க்குப் பிறகு போலந்து, லித்துவேனியா, லாட்வியா ஆட்கள் பண்ணை வேலைக்கு மளமளவென்று வந்தார்கள். மருத்துவரைப் பார்க்கும் வரிசை, பள்ளியில் இடம், வாடகை எல்லாம் பத்தாண்டுக்குள் மாறின. மத்திய அரசின் பணம் பழைய மக்கள்தொகைக் கணக்கிலேயே வந்துகொண்டிருந்தது. லண்டனுக்குப் பழகிய ஒன்று பாஸ்டனுக்குப் புதிது.

மூன்றாவதுதான் முக்கியம்: எப்படி எதிர்ப்படுகிறார்கள் என்பது. 2015இல் துருக்கிக் கரைக்கு அருகிலுள்ள கிரேக்கத் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்திறங்கி ஓரிரு நாளில் கப்பலேறிப் போனார்கள். உள்ளூர்வாசிகள் கண்டதெல்லாம் கூட்டம், குப்பை, துறைமுக நெரிசல். பேச வாய்ப்பே இல்லை. பின்னர் எடுத்த ஆய்வில், அதிகம் பேர் இறங்கிய தீவுகளில் அகதிகள் மீது மட்டுமல்லாமல் எல்லாச் சிறுபான்மையினர் மீதும் பகை கூடியிருந்தது. அதே ஆண்டு ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் இரண்டு விதமும் நடந்தன. ஜெர்மன் எல்லையோரம் அகதிகள் கடந்து மட்டும் போன ஊர்களில் தீவிர வலதுசாரிக் கட்சிக்கு வாக்கு கூடியது. அகதிகளுக்கு வீடு கொடுத்து மாதக்கணக்கில் தங்க வைத்த ஊர்களில் அந்தக் கட்சியின் பங்கு அதைவிடக் குறைவாகவே ஏறியது. அங்கே குழந்தைகள் ஒரே பள்ளிக்குப் போனார்கள், தேவாலயமும் விளையாட்டுக் கழகமும் மொழி வகுப்பு எடுத்தன.

இதையும் எல்லா இடத்துக்கும் பொருத்திவிட முடியாது. டென்மார்க் 1986இலிருந்து 1998 வரை அகதிகளை நாடெங்கும் பிரித்து அனுப்பியது. சிறிய நகராட்சிகளில் அகதிகள் கூடக் கூட வலதுசாரி வாக்கும் கூடியது; மிகப் பெரிய நகரங்களில் எதிர்த்திசை. ‘பழகினால் சரியாகிவிடும்’ என்று பொதுவாகச் சொல்பவர்கள் இந்த ஆய்வையும் பார்க்க வேண்டும். 1954லேயே உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் நிபந்தனைகளோடுதான் சொன்னார்: இரு தரப்பும் சம நிலையில் இருக்கணும், பொதுவான வேலை ஒன்று இருக்கணும், அதைச் சேர்ந்து செய்யணும், அதிகாரத்தில் உள்ளவர்களின் ஆதரவு தெரியணும். முதலாளி–கூலி என்ற உறவில் தினமும் பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கில் சேராது.

வடமாநிலத் தொழிலாளர்கள் பற்றிக் கோவை மக்களின் எண்ணத்தை முதுகலை ஆய்வுக்காகக் கணிக்கப் போகிறேன். எத்தனை பேரைக் கேட்கணும், எப்படிக் கேட்கணும்?
– சமூகவியல் மாணவர், கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. பலர் தெரிந்த நாற்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்பிவிட்டு ‘மக்கள் கருத்து’ என்று எழுதிவிடுகிறார்கள்.

சீரான முறையில் 400 பேரைத் தேர்ந்தெடுத்தால் பிழை எல்லை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, கூட்டியும் குறைத்தும் 5 சதவீதப் புள்ளி. 1,000 பேர் என்றால் 3. மாநகராட்சியில் 100 வார்டுகள். வரிசை எண்ணில் ஐந்துக்கு ஒன்றாக 20 வார்டு எடுங்கள். ஒன்றுக்கு 20 வீடு. ஒரே தெருவில் 20 வீட்டையும் முடித்துவிடாதீர்கள். ஒரு தெருக்காரர்கள் ஒரே மாதிரிப் பேசுவார்கள், உங்கள் 400 உண்மையில் 200க்குச் சமமாகிவிடும். வார்டுக்கு நான்கு தெரு, தெருவுக்குப் பத்தாவது வீடாக ஐந்து. வீட்டில் கதவைத் திறப்பவரையே கேட்டால் பகலில் வீட்டிலிருக்கும் பெரியவர்கள் மட்டும் குவிவார்கள். 18 வயது தாண்டியவர்களில் அடுத்த பிறந்தநாள் யாருக்கு முதலில் வருகிறதோ அவரைக் கேளுங்கள். இல்லையென்றால் மாலையில் திரும்பப் போங்கள், இரண்டு முறையாவது. வாக்காளர் பட்டியலை வைத்து எடுத்தால் வாடகைக்கு வந்தவர்கள் பலர் விடுபடுவார்கள். ஆய்வறிக்கையில் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி எழுதுவதில்தான் பெரும்பாலான ஆய்வு சரிகிறது. ‘வடமாநிலத்தவர் வருகையால் குற்றம் கூடிவிட்டது என்பதை ஒத்துக்கொள்கிறீர்களா?’ என்று கேட்டால், நம் ஊரில் பாதிப்பேர் மரியாதைக்கே தலையாட்டுவார்கள். ‘குற்றம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, மாற்றம் இல்லையா?’ என்று மூன்று வழியும் திறந்து கேளுங்கள். ‘உங்கள் தெருவில்’ என்று ஒரு முறை, ‘தமிழ்நாட்டில்’ என்று ஒரு முறை தனித்தனியாகக் கேளுங்கள். பிரிட்டனில் நெடுநாளாகக் காணும் ஒன்று இது: நாட்டுக்குக் குடியேற்றம் பெரிய பிரச்சினை என்பவர்களில் பலர், தங்கள் பகுதியில் பிரச்சினை இல்லை என்பார்கள். அந்த இடைவெளி, பார்த்து வந்த எண்ணம் எவ்வளவு, கேட்டு வந்த எண்ணம் எவ்வளவு என்று காட்டிக்கொடுக்கும்.

கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் உலக நாடுகளை ஒப்பிடக் கேட்கும் மூன்று கேள்விகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: அவர்கள் நாட்டில் வாழ்வது, உங்களுக்கு அண்டை வீட்டாராவது, உங்கள் நெருங்கிய உறவினர் ஒருவரைத் திருமணம் செய்வது – நல்லதா, கெட்டதா? ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண், மொத்தம் 9. 2019இல் கனடா 8.46 எடுத்து முதலிடத்தில் இருந்தது. நம் ஊரில் மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் சாதியும் கலந்திருக்கும். தமிழர்களுக்குள்ளேயே வேறு சாதியில் திருமணம் பற்றியும் ஒரு கேள்வி வைத்து ஒப்பிட்டால்தான் அதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

வரிசையும் விளைவு தரும். முன்னே சொன்ன ஆறு நாட்டு ஆய்வில், குடியேற்றம் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டவுடனே, ஏழைகளுக்கு அரசு உதவ வேண்டுமா என்ற கேள்விக்கு ஆதரவு குறைந்தது. ஒரு தகவலும் தரவில்லை, நினைக்க வைத்ததே போதுமானதாக இருந்தது. பொதுவான கேள்விகள் முன்னே, கூர்மையானவை பின்னே. பாதிப் படிவத்தில் வரிசையை மாற்றிப் போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படும் எண்ணத்தை அளக்கப் பட்டியல் முறை உண்டு. மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டு பாதியாகப் பிரியுங்கள். முதல் பாதிக்கு மூன்று வாசகம்: பெட்ரோல் விலை ஏறுவது, தெருநாய்த் தொல்லை, மின்வெட்டு. ‘இதில் எத்தனை உங்களுக்கு எரிச்சல் தருகிறது? எவை என்று சொல்ல வேண்டாம், எண்ணிக்கை மட்டும்.’ இரண்டாம் பாதிக்கு நான்காவதாக ‘வடமாநிலக் குடும்பம் பக்கத்து வீட்டுக்குக் குடிவருவது’ என்று சேருங்கள். முதல் பாதியின் சராசரி 1.7, இரண்டாம் பாதியின் சராசரி 2.0 என்று வந்தால், வித்தியாசம் 0.3, அதாவது 30 சதவீதம் பேருக்கு அது எரிச்சல். யார் என்று உங்களுக்கும் தெரியாது, அதனால்தான் உண்மை வருகிறது. மூன்றுமே எல்லாருக்கும் எரிச்சல் தருவதாக இருந்தால் நான்கு என்று சொன்னவுடன் ஆள் தெரிந்துவிடும். ஆகவே ஒன்றிரண்டை மாற்றி, சிலருக்கே எரிச்சல் தரும் வாசகம் போடுங்கள். இந்த முறைக்கு ஆள் நிறைய வேண்டும். பாதிக்கு 250 பேர் என்றால் பிழை எல்லை சுமார் 16 புள்ளி, முடிவே பயன்படாது. பாதிக்கு 1,000 பேர் இருந்தால் சுமார் 8. உங்கள் 400 பேருக்கு இது வேண்டாம். துறையில் நாலைந்து பேர் சேர்ந்து செய்தால் முயலுங்கள்.

கடைசியாக, கேட்கப் போகும் ஆள். பட்டறை உரிமையாளர் பக்கத்தில் நிற்கும்போது தொழிலாளியிடம் கேட்காதீர்கள். பெண்களிடம் பெண்கள் கேட்டால் பதில் விரிவாக வரும்.

வெளியாட்கள் வந்தால் கூலி விழும் என்கிறார்கள் எங்கள் ஆட்கள். வெறும் பயமா, உண்மையா?
– கட்டுமான மேஸ்திரி, ஈரோடு

பயம் முழுக்கப் பொய்யில்லை. 1980இல் ஐந்தாறு மாதத்தில் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்கு வந்தார்கள். மயாமியில் வேலை செய்வோர் எண்ணிக்கை 7 சதவீதம் கூடியது. உள்ளூர்த் தொழிலாளரின் கூலியில் குறிப்பிடத்தக்க சரிவு இல்லை என்று 1990இல் டேவிட் கார்டு காட்டினார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே எடுத்தால் சரிவு பெரிது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பின்னாளில் மறுத்தார். அவர் எடுத்துக்கொண்ட ஆட்கள் மிகக் குறைவு என்று அவரையும் மறுத்தார்கள். இரு தரப்பையும் படித்தால் தெரிவது: அடி விழுந்தால் அதே வேலையை அதே திறனோடு செய்பவருக்கும், சற்று முன்னே வந்த குடியேறிகளுக்கும்தான் முதலில் விழும். சித்தாளுக்கு வரும் போட்டி கொத்தனாருக்கு வராது. சித்தாள் தாராளமாகக் கிடைத்தால் கொத்தனாருக்கு வேலை கூடுவதும் உண்டு.

பேசிய கூலிக்குக் குறைவாகக் கொடுத்து, இடைத்தரகர் கழித்துக்கொள்வதுதான் பல இடத்தில் கூலியை இழுக்கிறது. உங்கள் சைட்டில் எல்லோருக்கும் ஒரே நாள் கூலி என்று எழுதிப் போட்டு, கையில் நேராகக் கொடுங்கள். உள்ளூர் ஆட்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

2023இல் திருப்பூர் பக்கம் பரவிய வீடியோக்கள் நினைவிருக்கும். அடுத்த முறை வந்தால் எங்களைப் போன்ற நிறுவனங்கள் என்ன செய்யணும்?
– பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்

அந்த மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பரவிய வீடியோக்களைக் காவல்துறை ஆராய்ந்தது. ஒன்று வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு இடையே நடந்த மோதல். இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்தது. தலைப்புதான் பொய். அதற்குள் பீகார் சட்டமன்றத்தில் பிரச்சினை எழுந்து அதிகாரிகள் குழுவே இங்கு வந்து பார்த்தது. ஹோலிக்கு ஊருக்குப் போனவர்களின் ரயில் நிலையக் கூட்டத்தையும் ‘தப்பி ஓடுகிறார்கள்’ என்று காட்டினார்கள்.

வதந்தி எந்தத் திசையிலும் ஓடும். 2024 ஜூலை 29 அன்று இங்கிலாந்தின் சௌத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதும், கொலையாளி படகில் வந்த புகலிடக்காரர் என்று பொய்ப் பெயரோடு பரப்பினார்கள். அவர் கார்டிஃபில் பிறந்தவர். அதற்குள் பல ஊரில் கலவரம். ராதரம் அருகே புகலிடம் கோருவோர் தங்கியிருந்த ஹோட்டலுக்குத் தீ வைக்கப் பார்த்தார்கள். அங்கே பிழையானது, அதிகாரபூர்வத் தகவல் வராத அந்தச் சில மணி நேரம். பொய் அந்த இடைவெளியில்தான் உட்கார்ந்துகொண்டது.

ஆகவே வேகம் முக்கியம். காவல் நிலையத்திலும் மாவட்ட நிர்வாகத்திலும் யாரை அழைப்பது என்று எண்ணை இப்போதே எடுத்து வையுங்கள். வீடியோ வந்தால் அதிலுள்ள கடைப் பலகை, வண்டிப் பதிவு எண், பேச்சுமொழி மூன்றையும் பாருங்கள். ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்கி இணையத்தில் படத்தேடல் செய்தால் பழைய வீடியோ என்றால் பெரும்பாலும் சிக்கிவிடும். பிறகு இந்தியிலும் ஒடியாவிலும் குரல் செய்தியாக, தொழிலாளர்கள் மதிக்கும் அவர்கள் ஊர்க்காரர் ஒருவரை விட்டே பதில் அனுப்பச் சொல்லுங்கள். தமிழில் நோட்டீஸ் ஒட்டினால் அவர்களுக்குப் பயன் இல்லை. பொய் வீடியோவை ‘இது பொய்’ என்று எழுதி மறுபடி பகிராதீர்கள். எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள், காட்சி மட்டும் போகும்.

முகாமில் பிறந்தவள் நான். 1983இல் எங்கள் பெற்றோரைக் கட்டியணைத்த தமிழ்நாடு 1991க்குப் பின் ஏன் அந்நியமாய்ப் பார்த்தது?
– வாசகி, கும்மிடிப்பூண்டி

உங்கள் கேள்வியில் உள்ள வலி நியாயமானது. இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் வந்தவர்களைத் தமிழ்நாடு தன் வீட்டுத் துக்கமாகவே பார்த்தது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், சிலர் செய்த குற்றத்தை அவர்களோடு தொடர்பே இல்லாத ஒரு மக்கள் கூட்டம் முழுவதும் சுமக்க வேண்டியதாயிற்று. முகாம்களில் கண்காணிப்பு இறுகியது. வாடகைக்கு வீடு கேட்டால் ‘சிலோன்காரரா?’ என்று கதவு மூடியது. ஜெர்மனியும் இதே வழியில் போனது. 2015இல் சுமார் 8 லட்சத்து 90 ஆயிரம் பேர் வந்தபோது ரயில் நிலையங்களில் கைதட்டி வரவேற்ற நாடு, கொலோன் நகரப் புத்தாண்டு இரவில் பெண்கள் மீது நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு எல்லா அகதி இளைஞரையும் சந்தேகத்தோடு பார்த்தது. உள்ளூர்க்காரர் குற்றம் செய்தால் அந்த ஆளோடு நிற்கும். வந்தவர் செய்தால் இனத்தின் மேல் எழுதப்படும்.

முகாம் அமைப்பும் அந்நியத்தை நீட்டித்தது. வருகைப் பதிவு, ஊர் எல்லையில் வரிசை வீடு, வேலைக்குப் போனாலும் திரும்பி வந்தாக வேண்டிய கட்டாயம் இருக்கும்போது அக்கம்பக்கத்தில் சமமாகப் பழக வழி குறைவு. 2021 ஆகஸ்டில் மாநில அரசு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றி, 7,469 வீடுகள் கட்டித் தருவது உட்பட 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. இங்கேயே பிறந்து வளர்ந்த உங்கள் தலைமுறைக்குக் குடியுரிமை கிடைக்காதவரை அக்கம்பக்கத்தார் பார்வை மாறினாலும் அலுவலக மேசை மாறாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை: குடியுரிமை தரப்பட வேண்டும்.

உக்ரைன்காரருக்கு ஒரு நீதி, சிரியாக்காரருக்கு ஒரு நீதியா?
– வாசகர், நாகர்கோவில்

சட்டத்தில் வேறுபாடு கண்கூடு. ஐரோப்பிய ஒன்றியம் 2001இலேயே எழுதி வைத்த தற்காலிகப் பாதுகாப்பு விதியை (கூட்டமாக வருவோரை ஒவ்வொருவராக விசாரிக்காமல் உடனே தங்கவிடும் விதி) 2015இல் எடுக்கவில்லை; 2022 மார்ச் 4 அன்று உக்ரைன் மக்களுக்காக முதல் முறையாக எடுத்தது. மக்கள் மனதில் உள்ளது சற்றுச் சிக்கலானது. 2016இல் 15 ஐரோப்பிய நாடுகளில் 18 ஆயிரம் பேரிடம் கற்பனையான புகலிட விண்ணப்பங்களை இரண்டிரண்டாகக் காட்டி எதை ஏற்பீர்கள் என்று கேட்டார்கள். தொழில் தெரிந்தவர், முன்னுக்குப் பின் முரணில்லாமல் பேசுபவர், சித்திரவதைக்கு ஆளானவர் அதிக ஆதரவு பெற்றார்கள். முஸ்லிம் என்று இருந்தால் ஆதரவு தெளிவாகக் குறைந்தது. 2022இல் திரும்பச் செய்தபோது, உக்ரைன் மீதான பரிவு மற்ற நாட்டு அகதிகளுக்கான ஆதரவைக் குறைத்துவிடவில்லை. மதத்தின் பேரில் ஆதரவு குறைவதும் அப்படியே நின்றது.

அகதிகளைப் பணக்கார நாடுகள்தான் தாங்குகின்றன என்பது சரியா?
– வாசகர், சேலம்

இல்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் 2024 ஆண்டுக் கணக்கில் பத்தில் ஏழு பேருக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் இருக்கிறார்கள். மூன்றில் இரண்டு பங்கு பக்கத்து நாட்டிலேயே. துருக்கியில் ஒரு கட்டத்தில் 36 லட்சம் சிரியர்கள் இருந்தார்கள். ‘விருந்தினர்’ என்றே அரசு சொல்லி வந்தது. விருந்து ஆண்டுக்கணக்கில் நீண்டு, விலைவாசியும் ஏறியபோது பேச்சு மாறி, 2024 ஜூன் இறுதியில் கைசேரி நகரில் கடைகள் எரிந்தன. உகாண்டா அகதிகளுக்குச் சிறு நிலமும் வேலை செய்யும் உரிமையும் தருகிறது. வரும் உதவியில் 30 சதவீதத்தை அந்தப் பகுதி உள்ளூர் மக்களின் பள்ளிக்கும் கிணற்றுக்கும் ஒதுக்குவது அங்கே கொள்கை. பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தும் பெரிய எதிர்ப்பு எழாததற்கு அதுவும் ஒரு காரணம். உதவிப் பணம் குறையும்போது முதலில் உரசல் வருவது விறகுக்கும் நிலத்துக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வெளியாட்களைத் திட்டுகிறார்கள். புள்ளிவிவரம் எடுத்துப் போட்டாலும் மாறவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகி, சென்னை

புள்ளிவிவரம் தவறான எண்ணைத் திருத்தும், கருத்தை அவ்வளவாக அசைக்காது. பல ஆய்வுகள் இதைக் கண்டிருக்கின்றன. அமெரிக்காவில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் வீடு வீடாகச் சோதித்த உரையாடல் முறை பலன் தந்தது. ஏறத்தாழ பத்து நிமிடம். குழுவில் முடியாது, தனியே பேசணும். முதலில், உங்கள் எண்ணம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எங்கே என்று கேளுங்கள். ஏன் என்று கேட்டு, மறுக்காமல் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த வெளியூர்க்காரர் யாராவது உண்டா என்று விசாரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் நிலையைச் சொல்லுங்கள். பிறகு, அவரே ஒரு நாள் தெரியாத ஊரில் யாரோ ஒருவர் கைகொடுத்த கதையைச் சொல்லச் சொல்லுங்கள். முடிவில் அதே பூஜ்யம்–பத்துக் கேள்வி. மாற்றம் சிறியதுதான், ஆனால் மாதக்கணக்கில் நின்றது. கதைப் பரிமாற்றத்தை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் வைத்தபோது பலன் காணவில்லை. பெரும்பாலோர் சறுக்கும் இடம் இரண்டாவது படி: பாதியில் குறுக்கிட்டுவிடுகிறோம்.

எங்கள் வார்டில் 200 வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு விடுதி வருகிறது. ஊர் கொதிக்கிறது. எப்படிக் கூட்டம் நடத்தணும்?
– வார்டு உறுப்பினர், காஞ்சிபுரம் மாவட்டம்

விடுதி திறக்கும் முன்னே நடத்துங்கள். 2015இல் ஜெர்மனியின் பல ஊர்களில் பள்ளி விளையாட்டு அரங்கம் அகதிகள் தங்குமிடமாக மாறியது. அவசரத்தில் ஊருக்குக் கடைசியில்தான் சொன்னார்கள், கோபத்தில் பாதி அதற்கு. மேடை போட்டு மைக் வைத்தால் சத்தமாகப் பேசும் நாலு பேரின் கருத்தே ஊர்க் கருத்தாகிவிடும். தெருவுக்குத் தெரு இருபது இருபது பேராக, பெண்கள் வரக்கூடிய நேரத்தில் உட்காருங்கள்.

‘பயப்படாதீங்க’ என்று சொல்ல வேண்டாம். கணக்கைக் காட்டுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றால் 200 பேருக்கு 27 ஆயிரம் லிட்டர். அது ஊர்க் குழாயிலிருந்தா, தனி ஆழ்துளைக் கிணறா, 12 ஆயிரம் லிட்டர் லாரி என்றால் நாளைக்கு இரண்டேகால் நடை யார் செலவில்? கழிவுநீர் எங்கே போகும், குப்பை வண்டி எத்தனை மணிக்கு வரும், காலை ஷிஃப்ட் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் இருக்குமா? இவற்றுக்கு நிறுவனம் கையெழுத்திட்ட எழுத்துப்பூர்வப் பதில் வாங்கிப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டுங்கள். விடுதிப் பொறுப்பாளர் ஒருவரின் செல்பேசி எண்ணும் அதில் இருக்கட்டும்; இரவு பத்து மணிக்கும் எடுக்கும் எண்ணாக. மூன்று மாதம் கழித்து அதே தெருக்களில் மறுபடி உட்காருங்கள். அப்போது தொழிலாளர்கள் பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வரட்டும். தண்ணீர் வராத நாள் அவர்களுக்கும் உண்டு, சம்பளம் பிடித்த கதையும் இருக்கும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஒப்பந்ததாரரின் மேஸ்திரியை அதற்கு வைக்காதீர்கள்.